பகல் வண்டியில் ஆறு பேர்

மயிலாப்பூர் மாட வீதி ஒன்றில், மாடிப்படிக்குக் கீழே இருக்கும் சின்ன அறைதான் என் அலுவலகம். குடும்பங்களுக்குப் பயணம் ஏற்பாடு செய்து கொடுப்பது தொழில். டிக்கெட், வேன், தங்குமிடம், கோயில் நடை நேரம், சாப்பாடு எல்லாவற்றையும் பார்த்துக் கொடுப்பேன். வயதானவர்கள் இருந்தால் கூடவே வரச் சொல்வார்கள், போவேன். மயிலாப்பூர், மந்தைவெளி, தி.நகர், மேற்கு மாம்பலம், அடையாறு என்று என் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் இந்த வட்டத்துக்குள்தான். அவர்கள் எல்லாரிடமும் நான் மல்லுக்கு நிற்பது ஒரே விஷயத்துக்காக: ராத்திரி வண்டி வேண்டாம், பகல் வண்டியில் போங்கள்.

யாரும் உடனே ஒத்துக்கொள்வதில்லை. “ராத்திரி சாப்பிட்டுட்டு ஏறிப் படுத்தா விடிஞ்சதும் ஊர். ஒரு நாள் மிச்சம் இல்லையா சார்?” என்பார்கள். கணக்கு சரிதான். ஆனால் அப்படி மிச்சம் பிடிக்கும் நாள்தான் குடும்பம் மொத்தமும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கக்கூடிய நாள். ஊர் போய்ச் சேர்ந்துவிட்டால் ஆளுக்கொரு திசை. ஒருவர் காபி தேடிப் போவார், பிள்ளைகள் போனுக்குச் சார்ஜ் போட இடம் பார்ப்பார்கள், பாட்டி குளித்துவிட்டுக் கோயிலுக்குக் கிளம்பியிருப்பார். வண்டிக்குள் இருக்கும்வரைதான் யாரும் எங்கும் போக முடியாது.

ஸ்லீப்பர் பெட்டியின் ஒரு தடுப்பைப் பகலில் கவனித்திருக்கிறீர்களா? மிடில் பெர்த்தை இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு வரைதான் விரிக்கலாம் என்பது ரயில்வே விதி. ஆகவே பகல் முழுக்க அது முதுகுச் சாய்மானமாக மடங்கிக் கிடக்கும். மூன்று பேர் ஒரு பக்கம், மூன்று பேர் எதிர்ப்பக்கம், முழங்கால் முழங்காலை இடிக்கும் தூரத்தில். நம் வீட்டு ஹாலில் சோபாவை டிவியைப் பார்த்துப் போட்டிருக்கிறோம். சாப்பாட்டு மேஜைக்கு ஆளுக்கொரு நேரத்தில் வருகிறோம். ஒரே வீட்டு ஆட்கள் ஆறு பேர் ஏழெட்டு மணி நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி உட்காரும் ஏற்பாடு இங்கே எந்த ஃபிளாட்டிலும் கிடையாது. ரயிலில் இருக்கிறது.

வந்தே பாரத் நல்ல வண்டி. 2023 செப்டம்பரில் எழும்பூர் – திருநெல்வேலி வண்டி ஓடத் தொடங்கியபோது சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருவன். ஏறத்தாழ எட்டு மணி நேரத்தில் நெல்லையில் இறக்கிவிடுகிறது; கழிப்பறை சுத்தம்; முழங்கால் வலிக்காரர்களுக்கு அது பெரிய உபகாரம். ஆனால் பெரும்பாலான இருக்கைகளில் முன்னால் இருப்பவரின் இருக்கை முதுகுதான் தெரியும். ஜன்னல் திறக்காது. போய்ச் சேர வேண்டியவர்களுக்கு அந்த வண்டி. பேசிக்கொண்டு போக வேண்டியவர்களுக்குப் பழைய பெட்டி.

இதை நான் சும்மா சொல்லவில்லை. மந்தைவெளிக் குடும்பம் ஒன்றைச் சோழன் எக்ஸ்பிரஸில் கும்பகோணத்துக்கு அழைத்துப் போனேன். தாத்தா மயிலாடுதுறைப் பக்கத்துக்காரர், மத்திய அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். “மாமா அதிகம் பேசமாட்டார், நீங்க தப்பா எடுத்துக்காதீங்க” என்று மருமகள் முன்கூட்டியே சொல்லியிருந்தார். தாத்தாவுக்கு ஜன்னலோரம் கொடுத்தேன். பேரனை அவர் பக்கத்தில் உட்கார வைக்காமல் எதிர் ஜன்னலில் வைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்தால் பையன் குனிந்து போனைப் பார்ப்பான். எதிரில் உட்கார்ந்தால் நிமிரும்போதெல்லாம் தாத்தாவின் முகம் கண்ணில் பட்டே தீரும். விழுப்புரம் வரை அவர் பேப்பரை மடிக்கவில்லை. அங்கிருந்து வண்டி திருச்சிப் பாதையை விட்டுக் கடலூர்ப் பக்கம் திரும்பியதும் பேப்பர் மடியில் இறங்கியது.

“இது மெயின் லைன் தெரியுமா?” என்றார் பேரனிடம். மீட்டர் கேஜ் காலத்தில் நீராவி எஞ்சின், கரித்தூள் பறந்து வந்து கண்ணில் விழும், எஞ்சின் இருக்கும் பக்கம் முகம் வைத்து உட்காரவே கூடாது, விழுந்துவிட்டால் அம்மா புடவைத் தலைப்பைச் சுருட்டி, வாயால் ஊதிச் சூடாக்கி, கண்ணில் ஒற்றுவாள் என்று கைகளால் செய்து காட்டினார். பையன் உடனே எழுந்து, தான் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறோம் என்று ஜன்னல் வழியாகச் சரிபார்த்துக்கொண்டான். மருமகளும் மகனும் வாய் திறக்கவில்லை. அவர்களுக்கும் இது புதுக்கதை. விழுப்புரம் – மயிலாடுதுறைப் பாதையை அகலப் பாதையாக்குவதற்காக 2006 கடைசியில் மூடினார்கள், 2010இல்தான் திறந்தார்கள். அந்த வருஷங்களில் டெல்டாவுக்குப் போன சென்னைக் குடும்பங்கள் பஸ்ஸுக்குப் பழகிவிட்டன. பெரியவர்கள் சொந்த ஊருக்குப் போன பாதையே பிள்ளைகளுக்குத் தெரியாமல் போனது அப்படித்தான். சிதம்பரம் தாண்டிக் கொள்ளிடம் பாலத்தின் மேல் சக்கரச் சத்தம் மாறும்போது தாத்தா பேச்சை நிறுத்தவில்லை, குரலைத்தான் உயர்த்தினார். கும்பகோணத்தில் இறங்குவதற்குள் அவருடைய பள்ளிக்கூடக் காலம் முழுதும் வந்து முடிந்தது.

என் பங்கு அதில் இரண்டு ஜன்னல் மட்டும்தான். ஆனால் அந்த இரண்டு ஜன்னலைப் பிடிக்கத்தான் வேலை இருக்கிறது.

டிக்கெட் விஷயத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், பலருக்கு உதவும். ஒரு டிக்கெட்டில் ஆறு பேர்வரை போடலாம். குடும்பத்தில் ஆறு பேர் இருந்தால் எல்லாரையும் ஒன்றாகப் போட்டுவிடுவதுதான் வழக்கம். அறுபது வயது தாண்டிய ஆண்களுக்கும் நாற்பத்தைந்து தாண்டிய பெண்களுக்கும் லோயர் பெர்த் ஒதுக்கீடு உண்டு. ஆனால் அந்த ஒதுக்கீடு டிக்கெட்டில் அப்படிப்பட்டவர்கள் ஒருவரோ இருவரோ மட்டும் இருந்தால்தான் கணக்கில் வரும். பேரனையும் பேத்தியையும் சேர்த்துவிட்டால் தாத்தா பாட்டியும் பொது வரிசைக்குப் போய்விடுவார்கள், மேல் பெர்த்தும் விழலாம். பெரியவர்கள் இருவரைத் தனி டிக்கெட்டில் போட்டால் லோயர் கிடைக்க வாய்ப்பு அதிகம். ஆனால் பெட்டி மாறும் அபாயம் இருக்கிறது. இரவு வண்டி என்றால் நான் தயங்காமல் தனியாகப் போட்டுவிடுவேன், தூங்கத்தானே போகிறார்கள். பகல் வண்டி என்றால் சேர்த்துத்தான் போடுவேன். எல்லாரும் கீழேதான் உட்காரப் போகிறார்கள், யார் பெயருக்கு மேல் பெர்த் வந்தால் என்ன? பகல் வண்டிக்கு நான் வாதாடுவதற்கு இதுவும் ஒரு காரணம். ரயில்வே 2020 மார்ச்சில் மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகையை நிறுத்தியது, இன்னும் திரும்பவில்லை. அதனால் பெரியவர்களுக்கு ஏசி வேண்டுமா, ஸ்லீப்பர் போதுமா என்ற பேச்சில் இப்போது பணமும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பகல் ஸ்லீப்பர் அந்தப் பேச்சையும் பாதி தீர்த்துவிடும்.

இன்னொன்று. தெற்கே போகும் வண்டிகளில் சில மாம்பலத்திலும் நிற்கும். தி.நகர்க்காரர்களுக்கு அது வீட்டு வாசல் மாதிரி, அங்கேதான் ஏறுவோம் என்பார்கள். இளசுகள் மட்டும் என்றால் சரி. வயதானவர்கள் இருந்தால் எழும்பூருக்கே வாருங்கள் என்பேன். மாம்பலத்தில் வண்டி வந்து நின்று, பெட்டியைத் தேடி ஓடி, மூட்டையை ஏற்றி, பாட்டியைக் கைகொடுத்து ஏற்றுவதற்குள் விசில் ஊதிவிடுவார்கள். எழும்பூரில் வண்டி கிளம்புவதற்கு முன்பே வந்து நிற்கும்; நிதானமாக ஏறி, செருப்பைக் கழற்றிச் சீட்டுக்கடியில் தள்ளி, தண்ணீர்க் குடத்தைச் சாயாமல் வைத்து, ஒரு வாய் காபியும் குடித்துவிடலாம். பயணத்தின் முதல் கால்மணி நேரம் பதற்றமாகப் போனால் அன்று முழுக்க அந்தப் பதற்றம் பேச்சில் இருக்கும். வெளியூர் பஸ்கள் 2023 கடைசியில் திறந்த கிளாம்பாக்கத்துக்குப் போன பிறகு எழும்பூரின் அருமை மயிலாப்பூர்க்காரர்களுக்கு இன்னும் நன்றாகவே தெரிகிறது. மூட்டை முடிச்சோடும் பாட்டியோடும் நகரத்தின் அந்தக் கோடிக்குப் போய் பஸ் ஏறுவதென்பது தனியாக ஒரு பயணம்.

டிக்கெட்டுக்கு முன்னால் நான் செய்யும் வேலை ஒன்று உண்டு. வீட்டுக்குப் போய் உட்காருவேன். போனில் பேசி முடித்துவிடலாம்தான், ஆனால் போனில் பேசுகிறவர் எப்போதும் வீட்டிலேயே வேகமான ஆள். அவருடைய காலுக்கும் வயிற்றுக்கும் ஏற்றபடிதான் அவர் கேட்பார்: காலை ஐந்துக்குக் கிளம்பலாம், மூன்று கோயில் முடித்துவிட்டு டிபன், மதியத்துக்குள் அடுத்த ஊர். வீட்டுக்குப் போனால்தான் மாடிப்படியில் பாட்டி ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து இறங்குவதைப் பார்க்க முடியும். யார் சர்க்கரைக்கு ஊசி போடுகிறார்கள், யாருக்கு வெஸ்டர்ன் டாய்லெட் இல்லாவிட்டால் முடியாது, எந்தக் குழந்தைக்கு வேனில் வாந்தி வரும் என்பதையெல்லாம் மெதுவாகக் கேட்பேன். பெரியவர்கள் இதைச் சொல்லக் கூச்சப்படுவார்கள். “எனக்கென்ன, நான் சமாளிச்சுப்பேன்” என்பார்கள். அதனால் வாசல்வரை வழியனுப்ப வரும் மருமகளிடமோ மகளிடமோ இன்னொரு தரம் கேட்பேன். வீட்டில் யார் மெதுவானவரோ அவருடைய நடைதான் அந்தப் பயணத்தின் வேகம். அவர் களைத்தால் எல்லாரும் நிற்க வேண்டும், நின்றால் அவருக்குக் குற்ற உணர்ச்சி வரும், அதற்கப்புறம் அவர் எதையும் கேட்கமாட்டார். முதலிலேயே அவருக்காகப் போட்ட திட்டம் என்றால் யாரும் யாருக்காகவும் நிற்பதாகவே தோன்றாது.

சாப்பாட்டுக்கு வருகிறேன். பகல் வண்டி என்றால் கட்டுச்சாதம். இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். ஸ்டேஷனில் வாங்கிக்கொள்ளலாம், ஆப்பில் சொன்னால் சீட்டுக்கே வந்து கொடுக்கிறார்கள் என்பது உண்மைதான். அவசரத்துக்கு அது இருக்கட்டும். ஆறு பேரும் ஒரே பாத்திரத்தில் இருந்து ஒரே நேரத்தில் சாப்பிடுவதற்குக் கட்டுச்சாதம்தான்.

முதலில் இட்லி. சுடச்சுட அடுக்கினால் வியர்த்து நூல் விட்டுவிடும். ஆற வைத்து, மிளகாய்ப்பொடியை நல்லெண்ணெயில் குழைத்து இரண்டு பக்கமும் தடவி, வாழையிலையில் ஒன்றன்மேல் ஒன்றாக. அது செங்கல்பட்டு தாண்டியதும் போய்விடும். அடுத்தது புளியோதரை. சாதத்தை உதிரியாக வடித்துத் தாம்பாளத்தில் பரப்பி, நல்லெண்ணெயும் மஞ்சள்பொடியும் விட்டு, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகுதான் புளிக்காய்ச்சல். முதல் நாள் ராத்திரியே கலந்து வைத்துவிட்டால் விடிவதற்குள் ஒவ்வொரு பருக்கையிலும் புளி ஏறியிருக்கும். புளிக்காய்ச்சல் காய்ச்ச நேரமில்லாதவர்களுக்கு அடையாறு கிராண்ட் ஸ்வீட்ஸில் வாங்கிக்கொள்ளச் சொல்வேன். கடைசியில் தயிர்சாதம், அதில்தான் சூட்சுமம் இருக்கிறது. காலையில் தயிரை ஊற்றிப் பிசைந்தால் மதியத்துக்குள் புளித்து மூக்கைப் பிடிக்கும். சாதத்தைக் குழைய வடித்து, சூட்டோடு மசித்து, காய்ச்சி ஆறிய பாலைத் தாராளமாக விட்டு, தயிர் ஒரே ஒரு கரண்டி. இஞ்சி, பச்சை மிளகாய், கடுகு தாளித்து, உப்பைக் குறைத்துப் போட வேண்டும். விழுப்புரம் தாண்டி மூடியைத் திறக்கும்போது பால் பதமாகத் தோய்ந்து, அப்போதுதான் பிசைந்ததுபோல் இருக்கும். மாவடு மறக்கக் கூடாது. இலைத் துண்டுகளைப் பழைய துணியில் சுற்றி வைத்தால் வாடாது. பரிமாறும் வேலையை வீட்டுக்கு வந்த மருமகன், பெரிய பேரன் போன்ற ஆண்களிடம் கொடுக்கச் சொல்வேன். சமைத்த அம்மா வண்டியிலாவது உட்கார்ந்து சாப்பிடட்டும். முதலில் அவருக்குக் கை பரபரக்கும், எழுந்து எழுந்து உட்காருவார். இரண்டாவது இலைக்குள் சரியாகிவிடும்.

கும்பகோணம் வந்தால் நவக்கிரகம். இதில்தான் எனக்கும் வாடிக்கையாளர்களுக்கும் உரசல் வரும். ஒன்பதையும் ஒரே நாளில் முடித்துவிட முடியும். கும்பகோணத்தில் இருந்து அதற்கென்றே அரசுப் போக்குவரத்துக் கழகம் 2024இல் தனிப் பஸ் விட்டது. தனியாக வருகிறவர்களுக்கும் விடுமுறை இல்லாதவர்களுக்கும் அது நல்ல ஏற்பாடு. குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு நான் அப்படிச் செய்வதில்லை. நடை மதியம் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்குச் சாத்தினால் நான்கு மணிக்குத்தான் திறக்கும். திங்களூர் திருவையாற்றுப் பக்கம், திருநள்ளாறு காரைக்காலில், வைத்தீஸ்வரன்கோயிலும் திருவெண்காடும் கீழப்பெரும்பள்ளமும் சீர்காழி – பூம்புகார்ப் பக்கம். வரைபடத்தில் விரித்துப் பார்த்தால் நான்கு திசையும் ஓட வேண்டும். ஓடினால் வேனில் பேச்சு முழுக்க நேரம்தான்: மணி என்ன, நடை சாத்திடுவாங்களா, சீக்கிரம் செருப்பைப் போடு. நான் கும்பகோணத்தில் தங்க வைத்து மூன்று நாளாகப் பிரிப்பேன். காலையில் இரண்டு அல்லது மூன்று கோயில், மதியம் அறைக்கு வந்து சாப்பாடும் தூக்கமும், சாயங்காலம் பக்கத்தில் ஒன்று. சூரியனார்கோயிலும் கஞ்சனூரும் பக்கத்துப் பக்கத்தில், திருநாகேஸ்வரம் ஊருக்கு வெளியிலேயே. மூன்று நாளில் ஒரு சாயங்காலத்தை ஒன்றும் எழுதாமல் காலியாக விடுவேன்.

அந்தக் காலி இடத்தைப் பார்த்துக் கேட்காதவர்களே இல்லை. “இங்க என்ன ப்ரோக்ராம்?” ஒன்றும் இல்லை என்பேன். அந்தச் சாயங்காலம் ஒரு வீட்டில் பாட்டி பேத்தியை அழைத்துக்கொண்டு பாத்திரக் கடைத்தெருவுக்குப் போய், தன் கல்யாணச் சீரில் வந்த டபரா செட் எந்தக் கடையில் வாங்கியது என்று தேடியிருக்கிறார். கடை இல்லை, பக்கத்துக் கடைக்காரர் கதையைக் கேட்டுவிட்டு உட்கார நாற்காலி போட்டிருக்கிறார். இன்னொரு வீட்டில் அப்பாவும் மகனும் மகாமகக் குளத்தைச் சுற்றி நடந்துவிட்டு வந்தார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது, ஆனால் திரும்பி வந்தபோது மகன் அப்பாவின் பையைத் தூக்கிக்கொண்டு வந்தான். இதையெல்லாம் நான் திட்டத்தில் எழுத முடியாது. இடம் விடத்தான் முடியும்.

ராமேஸ்வரத்துக்கும் இதே வாதம், இன்னும் பலமாக. எழும்பூரில் ராத்திரி வண்டி ஏறினால் பாம்பன் பாலத்தைத் தூக்கத்தில் கடப்பீர்கள், அல்லது இருட்டோடு இருட்டாக அரைத்தூக்கத்தில். கடல் மேல் ரயில் போவதைப் பார்க்கத்தான் குழந்தைகள் ஆசைப்படுகிறார்கள். ஆகவே வைகை எக்ஸ்பிரஸில் மதுரைக்குப் போகச் சொல்வேன். 1977 சுதந்திர தினத்தில் இருந்து ஓடும் வண்டி, மதியம் எழும்பூரில் ஏறினால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு மதுரை. இரவு அங்கே தங்கி, காலையில் மதுரை – ராமேஸ்வரம் பாசஞ்சர். 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் வண்டி நின்றதில் இருந்து 2025 ஏப்ரல் 6இல் புதுப் பாலம் திறக்கும்வரை ராமேஸ்வரம்வரை ரயில் இல்லாமல் இருந்தது. அந்த இரண்டு சொச்ச வருஷமும் நான் யாரையும் வற்புறுத்தி அனுப்பவில்லை.

புதுப் பாலத்தில் கப்பலுக்கு வழிவிட 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி அப்படியே செங்குத்தாக மேலே எழும். 1914இல் திறந்த பழைய பாலத்தின் நடுக்கண்ணோ இரண்டாகப் பிரிந்து கைகூப்பியதுபோல் தூக்கியது. பாலத்தின் மேல் ஏறும்போது பெட்டியில் இருக்கும் பெரியவர்களில் ஒருவராவது 1964ஐ எடுப்பார். அந்த டிசம்பர் 22 ராத்திரிப் புயலில் தனுஷ்கோடி பாசஞ்சர் கடலோடு போனதை, அப்போது சென்னையில் பேப்பரில் படித்ததை, உறவுக்காரர் ஒருவர் அந்த வாரம் போக இருந்து போகாமல் தப்பியதை. போட் மெயிலில் தனுஷ்கோடிவரை போய், அங்கிருந்து கப்பலில் தலைமன்னார் போன தாத்தாக்கள் இன்னும் ஒன்றிரண்டு வீடுகளில் இருக்கிறார்கள். புயலில் சிதைந்த பாலத்தை 46 நாளில் ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன் சரிசெய்த கதையும் அப்போதே வரும். பள்ளிக்கூடப் புத்தகத்தில் இதே விஷயத்தைப் பிள்ளைகள் படித்திருக்கலாம். கீழே தண்ணீர் ஓட, எதிரில் உட்கார்ந்திருப்பவர் சொல்லும்போதுதான் “நீங்க அப்போ எத்தனாங்கிளாஸ் தாத்தா?” என்று கேட்கத் தோன்றுகிறது.

கோயிலில் 22 தீர்த்தமும் எல்லாரும் ஆடியே தீர வேண்டும் என்று நான் சொல்வதில்லை. தரை முழுக்க ஈரம், வழுக்கும். வாளி வாளியாகத் தலையில் ஊற்றுவார்கள். முடிந்தவர்கள் ஆடட்டும். முடியாதவர்கள் மாற்றுத் துணியை வைத்துக்கொண்டு மூன்றாம் பிராகாரத்தில் உட்காரட்டும். ஈரத்துணியோடு சன்னதிக்குள் விடமாட்டார்கள் என்பதால் அந்தத் துணிக்காரர் முக்கியமான ஆள்.

குலதெய்வத்துக்கு மட்டும் என் பகல் வண்டி வாதம் செல்லாது. தி.நகர்க் கடைத்தெருக் குடும்பங்களில் நிறையப் பேர் திருநெல்வேலி, தூத்துக்குடிக்காரர்கள். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலில் நின்றாக வேண்டும். கடையை மூடிவிட்டு ராத்திரி வண்டி ஏறினால்தான் முடியும், முதலாளிக்கும் தொழிலாளிக்கும் அதே நிலைதான். அங்கே பயணத்தின் நேரம் வேறிடத்தில் இருக்கிறது. அண்ணன் தம்பி நான்கு பேர், கட்டிக்கொடுத்த பெண்கள், மதுரையில் இருந்து ஒரு கிளை, மும்பையில் இருந்து ஒரு கிளை என்று வந்து, மரத்தடியில் ஒரே பானையில் பொங்கல் பொங்க வேண்டும். சொத்துத் தகராறில் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பிகூட அன்றைக்கு அங்கே வராமல் இருக்க முடியாது. வரி கொடுத்தாக வேண்டும், படையலில் நின்றாக வேண்டும். அதனால் இதற்கு ரயிலில் பிரிந்து போனாலும் பரவாயில்லை, ஊரில் இறங்கியதும் ஒரே வேன் என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். இரண்டு கார் வேண்டாம். இரண்டு கார் என்றால் இரண்டு கட்சி ஆகிவிடும்.

வேன் என்றதும் டிரைவரைச் சொல்ல வேண்டும். டெம்போ டிராவலரில் குடும்பத்தை ஏற்றினால் அந்தக் குடும்பத்தின் உயிர் அவர் கையில் இருக்கிறது. பேட்டாவை முதல் நாளே கொடுத்துவிடச் சொல்வேன். சாப்பிட நிறுத்தினால் முதலில் அவர் உட்கார வேண்டும், பிறகு நாம். அவருக்குப் படுக்க இடம் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் நான் அறைச் சாவியை வாங்குவேன். நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவில் வண்டி ஓடக் கூடாது என்பதை எழுதியே கொடுத்துவிடுவேன். இதற்கு ஒப்பாத வாடிக்கையாளர்களை நான் வேறு இடம் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

அடையாறு, பெசன்ட் நகர்ப் பக்கம் வேறு வகைப் பயணிகள். மத்திய அரசு ஊழியர்கள், வங்கிக்காரர்கள், ஓய்வு பெற்றவர்கள். அவர்களில் வேலையில் இருப்பவர்களுக்கு எல்.டி.சி. என்ற விடுமுறைப் பயணச் சலுகையின் நான்கு வருஷத் தொகுப்பு முடியப் போகிறது என்றால் போன் அடித்துக்கொண்டே இருக்கும். காஷ்மீர், அந்தமான், வடகிழக்கு. அவையும் நல்ல பயணங்கள்தான். பனியை முதல்முதலாகத் தொடும் பாட்டியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனால் பயணம் தூரமாகத் தூரமாகக் குடும்பத்தின் கையில் இருந்து நழுவி, சுற்றுலா வழிகாட்டியின் கைக்குப் போய்விடுகிறது. எதைப் பார்ப்பது, எங்கே சாப்பிடுவது, எத்தனை மணிக்கு எழுவது எல்லாம் அவர் சொல்கிறபடி. அதனால் அவர்களிடம், திரும்பி வந்து ஒரு மாதத்துக்குள் மாமல்லபுரத்துக்கோ காஞ்சிபுரத்துக்கோ ஒரு நாள் போய்வாருங்கள், அங்கே நீங்களே பேரக்குழந்தைகளுக்குச் சொல்லுங்கள் என்பேன். சிலர் போகிறார்கள்.

இப்போது என் கையில் இருப்பது லஸ் பக்கத்து வீடு ஒன்றின் வேலை. பேரனுக்கு வைத்தீஸ்வரன்கோயிலில் முடி இறக்கிக் காது குத்த வேண்டும். மாமா மடியில் உட்கார வைக்க வேண்டும், மாமா பெங்களூரில் இருந்து சென்னைக்கு வந்து சேர்ந்துகொள்கிறார். ஏழு பெரியவர்கள், ஒரு கைக்குழந்தை. பாட்டிக்கு முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை நடந்து ஒரு வருஷம் ஆகிறது. மகன் ராத்திரி வண்டி கேட்டார். இரண்டு தடவை வீட்டுக்குப் போய்ப் பேசி, பகல் வண்டியில் மயிலாடுதுறை, அங்கிருந்து வேன் என்று முடிவாகியிருக்கிறது. முன்பதிவு 120 நாளில் இருந்து 60 நாளாகக் குறைந்து 2024 நவம்பரில் இருந்து நடைமுறையில் இருக்கிறது. அதனால் முகூர்த்தத்தை முதலில் குறித்துக்கொண்டு, பிறகுதான் காலண்டரில் பின்னோக்கி எண்ண வேண்டியிருக்கிறது. காலை எட்டு மணிக்குத் திறக்கும். திறந்த உடனே முகவர்கள் பதிவு செய்ய முடியாது என்பதால் மகனையே அவருடைய ஆதார் இணைத்த கணக்கில் உட்காரச் சொல்லியிருக்கிறேன். ஏழாமவரைத் தனி டிக்கெட்டில் போட வேண்டும். அது யார் என்று கேட்டார். பெங்களூர் மாமா என்றேன். அவர் எந்தப் பெட்டியில் இடம் கிடைத்தாலும் ஏறியதும் எழுந்து இந்தப் பெட்டிக்கு வந்துவிடுவார், அவருக்குக் குழந்தையைப் பார்க்க வேண்டும். பெயர்கள், வயதுகள், அடையாள அட்டையில் இருக்கும் எழுத்து மாறாமல், ஒரு தாளில் எழுதி அவர் மேஜை மேல் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். முதல் பெயர் பாட்டியுடையது.